ராம் லாலுக்கு முழங்கால் வலி

தங்கத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவளிடமே சொன்னேன். இஞ்செக்‌ஷன் ரூமில் பஞ்சு பிய்த்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "எழுதுங்க அண்ணாச்சி. ஆனா தெய்வம், தேவதைன்னு எங்கியாவது போட்டியன்னா அப்புறம் நடக்குததே வேற" என்றாள். ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் தெய்வம் இல்லை. வாய் நீளம், பொறுமை குட்டை. எங்கள் டிஸ்பென்சரியில் அவளிடம் திட்டு வாங்காதது எது என்று தேடினால் சுவரில் தொங்கும் காலண்டர்தான் மிஞ்சும். அதையும் ஒரு நாள் கோணலாகத் தொங்குகிறது என்று திட்டினாள்.

நான் கிருஷ்ணபிரசாத். அதே டிஸ்பென்சரியில் பார்மசிஸ்ட். மத்திய அரசு ஊழியர்களுக்கும் பென்ஷன்காரர்களுக்கும் ஜன்னல் வழியாக மாத்திரை கொடுப்பது என் வேலை. எந்த டிஸ்பென்சரி என்று சொல்ல மாட்டேன். தில்லியில் அதற்கா பஞ்சம்? அப்பா அமைச்சகத்தில் குமாஸ்தா. நான் பிறந்தது கரோல் பாகில், ஒரு பஞ்சாபி வீட்டு மாடிப் போர்ஷனில். பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவன் என்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். என் பெண் வைஷ்ணவிக்குத் தமிழ் படிக்க வராது. அவள் அம்மாதான் படித்துக் காட்ட வேண்டும். காட்டட்டும். அவளுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

தங்கம் கோவில்பட்டிக்காரி. அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். நாகர்கோவிலில் நர்ஸிங் படித்தாள். பட்டாளத்தில் இருந்த ஜெகனைக் கட்டிக்கொண்டு ஜபல்பூர், ஜோத்பூர், தேஜ்பூர் என்று சுற்றினாள். போன ஊரிலெல்லாம் ஏதாவதொரு சின்ன நர்ஸிங் ஹோமில் வேலை தேடிக்கொள்வாள். சண்டை போட்டுக்கொண்டு வெளியே வருவாள். ஜோத்பூரில் காலாவதியான குளுக்கோஸ் பாட்டில்மேல் புதுத் தேதி ஒட்டச் சொன்னானாம் முதலாளி. பாட்டிலை அவன் மேசைமேல் வைத்து, "முதல்ல உங்க கையில ஏத்துதேன், நீட்டுங்க" என்று சொல்லிவிட்டு அன்றே நின்றுவிட்டாள். ஜெகன் ஹவில்தாராக ரிடையர் ஆகி இப்போது சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகையில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். சாது. வீட்டில் ஒருத்தர் பேசினால் போதும் என்று பட்டாளத்திலேயே முடிவு செய்துவிட்ட மனுஷன்.

எங்கள் டிஸ்பென்சரியில் அவள் காண்டிராக்ட் நர்ஸ். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இந்த நிலையில் இருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பார்கள். இவளுக்கு அந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை போலிருக்கிறது. அவள் பேசும் ஹிந்தி ஒரு தனிக் கதை. மேசை ஆணா பெண்ணா என்று தினமும் புதிதாக முடிவு செய்வாள். ஆனால் அந்த ஹிந்தியில் அவள் அதட்டினால் ஜாட், சர்தார் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள்.

தில்லி டிஸ்பென்சரியில் டாக்டர் முன்னால் ஒருவர் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் ஐந்து பேர் நிற்பார்கள். உட்கார்ந்தவர் தனக்கு மூலம் என்று சொன்னால் நிற்பவர் வைத்தியம் சொல்வார். யாருக்கும் இது தப்பாகவே தோன்றாது. டாக்டருக்கும் தோன்றாது. தங்கத்துக்கு மட்டும் இது ஆகவே ஆகாது. உள்ளே நுழைந்து கையைத் தட்டி எல்லாரையும் வெளியே ஓட்டுவாள். ஒரு தடவை அப்படி ஓட்டப்பட்டவர்களில் ஒரு ஜாயின்ட் செக்ரட்டரி இருந்தார். தான் யார் தெரியுமா என்று கேட்டார். "பிபிக்கு உங்க பதவி தெரியாது சாப், வெளிய நில்லுங்க" என்று ஹிந்தியில் சொன்னாள். மெமோ வந்தது. அதற்குப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாளும் ஓட்டினாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் அந்த ஆன்லைன் பயிற்சி வந்து சேர்ந்தது.

மேலிடத்து உத்தரவு. இனிமேல் மனநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி, தனி டாக்டர் என்று ஜனங்களை அலையவிடக் கூடாது. பக்கத்து டிஸ்பென்சரியிலேயே, பிபி பார்க்கும் அதே நாற்காலியில், மனசையும் விசாரிக்க வேண்டும். அதற்கு நர்ஸ், பார்மசிஸ்ட், கிளார்க் எல்லாரும் போனில் வீடியோ பார்த்துப் பாடம் படித்து, பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்க வேண்டும். தங்கம் இதை ஒரே வரியில் விளக்கினாள். சுகரைக் கேட்கிற மாதிரி துக்கத்தையும் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

அரசாங்கத்தில் பயிற்சி எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிரதீப் என்று எங்களுக்கு ஒரு டேட்டா என்ட்ரி பையன். ரயில்வேக்காரர் மகன், தில்லியிலேயே பிறந்த தமிழன். எங்கள் போன்களையெல்லாம் வாங்கி மேசைமேல் வரிசையாகச் சாய்த்து வைப்பான். சத்தத்தை அணைத்துவிட்டு எல்லாவற்றிலும் வீடியோவை ஓடவிட்டு டீ குடிக்கப் போவான். பாடங்கள் தம்பாட்டுக்குச் சுவரைப் பார்த்து நடந்துகொண்டிருக்கும். திரும்பி வந்து எல்லாருடைய பரீட்சையையும் அவனே எழுதுவான். எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு. என் போனும் அந்த வரிசையில்தான் இருந்தது. இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை. முப்பது வருஷ சர்வீஸில் நான் முடித்த பயிற்சிகள் எல்லாம் இப்படி முடிந்தவைதான்.

தங்கம் மட்டும் போனைத் தரவில்லை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சத்தமாக வைத்துப் பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிட, வீடியோவில் வந்த ஆளோடு சண்டை போட்டாள் என்பது சரி. அவர் ஏசி ரூமில், பூச்சாடி பக்கத்தில், இரண்டே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நோயாளியோடு மெதுவாகப் பேசுங்கள் என்பார். "எந்த ஊர்லய்யா இருக்க நீ? அந்த ரூமை எனக்குக் குடு, நானும் மெதுவாப் பேசுதேன்" என்பாள் இவள், தயிர்சாதத்தை விழுங்கிக்கொண்டே. இருந்தாலும் ஒரு பாடத்தையும் விடவில்லை.

இனி என் விஷயம். அந்தக் குளிர்காலத்தில் எனக்கு உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை.

காரணம் கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். காரணம் இல்லை. நிரந்தர வேலை, மோதி பாகில் குவார்ட்டர்ஸ், நல்ல பெண்டாட்டி, குர்காவ்ன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். உனக்கு என்னடா குறை என்றால், ஒரு குறையும் இல்லை. கண்ணில் புரை விழுந்தவனைப் பார்த்து உனக்கு என்ன குறை என்று யாராவது கேட்கிறார்களா? என்னைக் கேட்டார்கள். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இப்போதும் வருகிறது.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்துவிடும். பெண்டாட்டி சுபாஷிணியின் வற்றல்குழம்பு நனைந்த அட்டை மாதிரி இருக்கும். ஜன்னலில் மட்டும் முன்னைவிடச் சத்தமாகச் சிரிப்பேன், ஜோக் அடிப்பேன். ஆபீஸ் நாடகங்களில் வருஷா வருஷம் கோமாளி வேஷம் கட்டுகிறவன் நான், அதனால் யாரும் கவனிக்கவில்லை. நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் சௌகரியம் என்று ஓர் எண்ணம் வந்து உட்கார்ந்தது. அது பயமாகக்கூட இல்லை, ஆறுதலாக இருந்தது. அதுதான் அதன் அயோக்கியத்தனம். எப்படி, எப்போது என்பதையெல்லாம் எழுத மாட்டேன். அது யாருக்கும் உபயோகப்படாது. முடிவு செய்திருந்தேன், அவ்வளவு போதும்.

பயிற்சியின் கடைசிப் பகுதிக்குப் பிரதீப்பால் குறுக்குவழி கண்டுபிடிக்க முடியவில்லை. நோயாளியிடம் எப்படிப் பேசுகிறோம் என்று வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். நிஜ நோயாளியை எடுக்கக் கூடாது. கூட வேலை செய்பவர் யாராவது நோயாளியாக நடிக்க வேண்டும். வசனமும் அவர்களே கொடுத்திருந்தார்கள். நோயாளி பெயர் ராம் லால். கடைக்காரர். முழங்கால் வலி என்று வருகிறார். நர்ஸ் விசாரித்தால் வியாபாரக் கவலை என்று தெரிகிறது. உயிரை விட நினைத்ததுண்டா என்று கேட்டால், சேச்சே, குழந்தைகள் இருக்கிறார்களே என்று சொல்லிவிட்டு நன்றி தெரிவித்துப் போகிறார். தாய்மொழியில் செய்தால் கூடுதல் மார்க் என்றும் அறிவிப்பு இருந்தது. பயிற்சி நடத்திய நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளர் சுந்தரேசன் என்ற ரிடையர்டு ஆபீசர், நம் ஊர்க்காரர். ஆகவே ராம் லால் தமிழ் பேசினார். தங்கத்துக்கு ஜோடியாக என்னைப் போட்டார்கள். நடிகன் அல்லவா.

வெளிநோயாளிகள் கூட்டம் முடிந்த பிறகு இஞ்செக்‌ஷன் ரூமில் பிரதீப் போனைப் பிடித்தான். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து உட்கார்ந்தேன். பிரதீப் சிரித்துவிட்டான். தங்கம் வசனப்படியே கேட்டாள். வலி எத்தனை நாளாக, படி ஏறினால் வலிக்கிறதா. நானும் வசனப்படியே சொன்னேன். பிறகு, தூக்கம் வருகிறதா என்றாள். வருகிறது, நடுவில் விழிப்பு வந்துவிடுகிறது என்று சொன்னேன். அதுவும் வசனத்தில் இருந்ததுதான். ஆனால் சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. சாப்பாடு பிடிக்கிறதா என்றாள்.  இல்லையென்று தலையை ஆட்டினேன்.

கையிலிருந்த வசனத்தாளை அவள் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"செத்துரலாம்னு தோணுதா அண்ணாச்சி?"

ராம் லால் இந்த இடத்தில் சேச்சே என்று சொல்ல வேண்டும். அது எனக்கு மனப்பாடம்.

"தோணறது" என்றேன். "தெனம் தோணறது."

அவள் நிறுத்தச் சொல்லவில்லை. பதறவும் இல்லை. ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள். எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவன், மூக்கு ஒழுக ஒழுக, ஊசி போடும் ரூமில் உட்கார்ந்து சொன்னேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, தலைச்சுமையை யாரோ ஒரு கை கொடுத்து இறக்குகிற மாதிரியும் இருந்தது. முழுசாக இறங்கவில்லை. ஒரு கை பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பிரதீப் போனை இறக்கிவிட்டுக் கைதட்டினான். அவனுக்குத் தமிழ் பாதி புரியும், பாதி புரியாது. "அங்கிள், கமால் கர் தியா, அசத்திட்டீங்க. எனக்கே அழுகை வந்துச்சு" என்றான். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எப்படி நம் நடிப்பு என்று சிரித்தேன். தங்கம் சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போவோம் வாருங்கள் என்றாள். எந்த வீட்டுக்கு என்றேன். உங்கள் வீட்டுக்குத்தான் என்றாள்.

வழியெல்லாம் எனக்கு அவள்மேல் கோபம். நடிப்புதான் அது, பைத்தியமா உனக்கு, உன் வேலையைப் பார் என்றெல்லாம் சொன்னேன். ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டே கூட நடந்தாள். வாசலில் நின்று சொன்னாள்: "அக்காகிட்ட நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா? ரெண்டுல ஒண்ணு. மூணாவது கெடையாது."

நான் சொன்னேன். சுபாஷிணி கேட்ட முதல் கேள்வி உங்களுக்கு என்ன குறை என்பதுதான். இரண்டாவது, எங்கிட்ட ஏன் சொல்லலை என்பது.  அழுதாள், கத்தினாள், பிறகு காபி போட்டாள். வீட்டில் எதை எங்கே பூட்டி வைப்பது என்று இரண்டு பெண்களும் என் கண்ணெதிரிலேயே பேசி முடித்தார்கள். ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு பேசுவதைப் போல. எரிச்சலாக இருந்தது. ஆனாலும் எதிர்த்துப் பேசவில்லை.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் போனோம். தங்கமும் லீவு போட்டுவிட்டு வந்தாள். அங்கேயும் டாக்டர் ரூமுக்குள் முண்டியடித்தவர்களை வெளியே ஓட்டினாள். அவர்கள் அவளை அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் என்றே நினைத்துக்கொண்டார்கள். மாத்திரை ஆரம்பித்தார்கள், வாரம் ஒரு தடவை பேச வரச் சொன்னார்கள். நான் டிஸ்பென்சரிக்கு நீண்ட லீவு போட்டேன். காரணம், முதுகு வலி. முதுகு வலி என்றால் யாரும் என்ன குறை என்று கேட்பதில்லை.

மாத்திரை வேலை செய்ய நாள் பிடிக்கும் என்று எல்லாருக்கும் ஜன்னலில் சொல்லிக்கொண்டிருந்தவன்தான் நான். எனக்கு நடக்கும்போது அது பொய்யென்றே தோன்றியது. தங்கம் தினமும் டியூட்டி முடிந்து வருவாள். பாதி நாள் அவளைப் போகச் சொல்வேன். போக மாட்டாள். சுபாஷிணியோடு உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டு, டாக்டர் ஷ்வேதாவோடு அன்று போட்ட சண்டையைச் சொல்வாள். ஷ்வேதா எங்கள் இன்சார்ஜ், சின்னப் பெண். ஒரு நாள் அந்தக் கதையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடிக்காத சிரிப்பு. எனக்கே சந்தேகமாக இருந்ததால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

இந்த நேரத்தில்தான் அந்த இழவு வீடியோ வெளியே வந்தது.

தங்கம் என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த அதே சாயங்காலம், எல்லாருடைய வீடியோவோடும் சேர்த்துப் பிரதீப் அதையும் ஏற்றிவிட்டிருந்தான். கடைசித் தேதி அன்றுதான். அவனைக் குறை சொல்ல முடியாது. எடுத்துவிடு என்று அவள் அன்றே போன் செய்தாள். ஏற்றியதை இறக்க வழி இல்லை என்றான். அவள் நிறுவனத்துக்கு எழுதினாள். பதில் இல்லை. அதற்குப் பதிலாக, 'சிறந்த செயல்முறை விளக்கம்' என்று தலைப்பிட்டு சுந்தரேசன் அதை எல்லா டிஸ்பென்சரி குரூப்புகளுக்கும் அனுப்பிவைத்தார்.

என் அழுகை ஊர் சுற்றியது. துவாரகாவிலிருந்து ஒரு பார்மசிஸ்ட் போன் செய்து, ஹீரோ சார் என்றான். கரோல் பாகில் இருக்கும் என் சித்தப்பா பிள்ளை, எப்படியோ அவனுக்கும் வந்திருக்கிறது, உனக்கு அவார்டே குடுக்கலாம்டா என்றான். ஒவ்வொரு பாராட்டுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல, பழைய எண்ணம் மறுபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. பார், உன் சாவே ஒரு வேஷம்தான் இவர்களுக்கு என்றது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்றேன். சுபாஷிணி பயந்துவிட்டாள். தங்கத்தைக் கூப்பிட்டாள். தங்கம் வந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் யாருக்கோ கேடு காலம் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை ஆன்லைன் கூட்டம். பயிற்சியின் நிறைவு விழா மாதிரி. தில்லி டிஸ்பென்சரிக்காரர்கள் எல்லாரும் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரிந்தார்கள். தமிழ்க்காரர்களும் நிறையப் பேர். நானும் வீட்டிலிருந்தே, மைக்கையும் கேமராவையும் அணைத்துவிட்டுப் பார்த்தேன். பக்கத்தில் சுபாஷிணி. டாக்டர் ஷ்வேதா முதலில் பேசி எங்கள் டிஸ்பென்சரிக்குப் பெருமை என்றாள். பிறகு சுந்தரேசன், தங்கத்துக்கு முதல் பரிசென்றும், இனி வரும் பயிற்சிகளுக்கு அவளையே பயிற்சியாளராக வைக்கப்போவதாகவும், காண்டிராக்டை நீட்டிக்கத் தாமே சிபாரிசு எழுதுவதாகவும் அறிவித்தார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

தங்கம் கேமராவைப் போட்டாள். இஞ்செக்‌ஷன் ரூமில் நின்றுகொண்டிருந்தாள். அந்த வீடியோவை எல்லா இடத்திலிருந்தும் எடுக்க வேண்டும் என்றாள். அவள் ஹிந்தியில் அது கெஞ்சலாக இல்லை, உத்தரவாக இருந்தது. சுந்தரேசன் சிரித்தார். அவளோடு தமிழிலேயே பேசினார். அடக்கம் வேண்டியதுதான், இவ்வளவு வேண்டாம் என்றார். அடக்கம் எல்லாம் இல்லை, நான் வசனத்தை விட்டு விலகிவிட்டேன், அதனால் எனக்கு ஃபெயில் போடுங்கள் என்றாள். அந்த இடம்தான் பிரமாதம் என்றார் அவர். இயல்பு என்றார். எங்கே போய் நிற்கும் இது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அது நடிப்பில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் ஜெயித்துவிடுவாள். என் பெயர் சந்தி சிரிக்கும். மருந்து அலமாரிச் சாவி வைத்திருக்கும் ஆள் இப்படியா என்று கேட்பார்கள்.

சுந்தரேசனுக்குப் பொறுமை போயிற்று. காரணம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்றார்.

"சொல்ல மாட்டேன் ஸார். உள்ள கேட்டத வெளிய சொல்லக்கூடாதுன்னு நீங்கதான பாடம் நடத்துனிய."

"அம்மா, அது நோயாளிக்கு. இது நடிப்பு. நடிப்புல என்ன ரகசியம்?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தபடி நின்றாள். எல்லார் வாயையும் அடைக்கத் தெரிந்தவள், அத்தனை பேருக்கு நடுவில், எனக்காகத் தன் வாயை அடைத்துக்கொண்டு நின்றாள். சுந்தரேசன் குரல் ஏறியது. சரி, பயிற்சியை முடிக்காதவர் என்று ரிப்போர்ட் அனுப்புகிறேன், காண்டிராக்ட் விஷயம் அப்புறம் உங்கள் பாடு என்றார். அனுப்புங்க என்றாள்.

சுபாஷிணி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் செய்திருக்க மாட்டேனோ என்னவோ. மைக்கைத் திறந்தேன். கேமராவையும் போட்டேன். நாலு நாள் தாடியோடு, ஸ்வெட்டருக்கு மேல் சால்வையோடு, அந்தக் கட்டங்களில் ஒன்றாக நானும் தெரிந்தேன்.

"நான் கிருஷ்ணபிரசாத். அந்த வீடியோவுல இருக்கறவன். ராம் லால்னு ஒருத்தரும் இல்லை. நான் நடிக்கலை. எனக்குச் சாகணும்னு இருந்தது, அவங்க கேட்டாங்க, சொன்னேன். இப்ப வைத்தியம் பண்ணிண்டிருக்கேன். நான் பேஷண்ட். அவங்க என் நர்ஸ். இப்ப எடுப்பேளா?"

 யாரோ ஒருவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது மட்டும் கேட்டது. சுந்தரேசன் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். கெட்ட மனுஷன் இல்லை அவர். குரல் தழைந்து, மிகுந்த கரிசனத்தோடு, எல்லார் முன்னிலையிலும் கேட்டார். அடடா, என்ன சார் பிரச்சினை, குடும்பத்தில் ஏதாவதா, எங்களிடம் மனம்விட்டுச் சொல்லலாமே என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் தங்கம் முந்திக்கொண்டாள்.

"அத இங்க வச்சுக் கேக்காதிய ஸார். அவருக்கு ஆளு இருக்கு. நீங்க வீடியோவ எடுங்க."

எடுத்தார். அன்று மாலைக்குள் எல்லாக் குரூப்பிலிருந்தும் போய்விட்டது. யாராவது தங்கள் போனில் வைத்திருப்பார்கள்; வைத்திருக்கட்டும். இனி அது நடிப்பு என்று சொல்லிக் காட்ட முடியாது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மருந்துச் சாவியை டாக்டர் ஷ்வேதா கேட்டு வாங்கிக்கொண்டாள். அதுதான் சரி என்று தங்கமும் சொன்னாள். அதற்காக அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. அவள் பாட்டுக்கு வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். லீவு முடிந்து ஜன்னலில் உட்கார்ந்தபோது செய்தி அங்கேயும் பரவியிருந்தது; வரிசையில் பாதிப் பேர் மருந்தைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நானும் திருப்பிப் பார்த்தேன். பிரதீப் இரண்டு நாள் என் கண்ணில் படாமல் ஒளிந்தான். பிறகு வந்து, அங்கிள், அந்தப் பாடத்தை எல்லாம் நிஜமாகவே பார்த்தேன் என்றான். அச்சா என்றேன். வேறென்ன சொல்வது.

தங்கத்தின் பெயருக்கு நேரே பயிற்சியை முடிக்காதவர் என்றே இருக்கிறது. அடுத்த தடவை வேறு வீடியோ எடுத்து அனுப்பினால் சான்றிதழ் தருவதாக சுந்தரேசன் சொல்லி அனுப்பினார். வேஷம் போட்டுத் துக்கம் கேட்க எனக்கு வராது, நிஜமாகக் கேட்கவே நேரம் போதவில்லை என்று பதில் சொல்லிவிட்டாள். காண்டிராக்டை ஷ்வேதா தன் பொறுப்பில் கொஞ்ச நாளைக்கு நீட்டியிருக்கிறாள்; அதன் பிறகு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஆகிறபோது நான் சும்மா இருக்கப்போவதில்லை, அதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

ஆக, அந்தப் பயிற்சியில் எங்கள் டிஸ்பென்சரியில் பாஸ் ஆகாதவள் அவள் ஒருத்திதான். போனைச் சுவரைப் பார்த்து வைத்த நாங்கள் எல்லாரும் நூற்றுக்கு நூறு. என் சான்றிதழைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நான் உயிரோடு இருக்கிறேன். அவள் ஃபெயிலா பாஸா என்று கேட்பவர்கள் என் ஜன்னலுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.